கிறுக்கியின் நண்டு

வெனிஸுக்குத் தெற்கே காயலோரத்தில் இருக்கிற எங்கள் கியோஜாவில் பாதிப் பேருக்குக் குடும்பப்பெயர் பொஸ்கோலோ, மீதிப் பேருக்குத் தியோஸ்ஸோ. தபால்காரன் குழம்பக்கூடாது என்பதற்காகத்தான் பட்டப்பெயர் வைத்தோம் என்று எங்கள் ஊரார் சொல்லிக்கொள்வார்கள். சுத்தப் பொய். அடுத்தவருக்குப் பட்டப்பெயர் வைப்பதில் எங்களுக்குக் கிடைக்கிற சுகம் வேறு எதிலும் கிடைப்பதில்லை. எந்தக் காலத்திலோ ஒருவன் மீன் சந்தையில் வழுக்கி விழுந்திருப்பான். அவன் கொள்ளுப்பேரன்வரை அரசாங்கத் தாளில் 'வழுக்கி' என்று ஏறியிருக்கும். இப்படிப்பட்ட ஊரில் அமாபிலேக்குக் 'கிறுக்கி' என்று பெயர் வைத்தது வெளியாள் யாருமில்லை, அவள் கட்டிக்கொண்ட புருஷன் உல்தெரிகோ.

அமாபிலேயும் நானும் மார்சிலியோவின் நண்டுக் கொட்டகையில் ஒரே பலகையில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து நண்டு பிரிப்பவர்கள். எங்கள் காயலில் பச்சை நண்டு பாசியைவிட அதிகம். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அது பழைய ஓட்டைக் கழற்றும். கழற்றினால் அந்த ஒரு சில மணி நேரம் வெண்ணெய் மாதிரி மெதுவாக இருக்கும். அந்த மெது நண்டுக்குத்தான் வெனிஸ் ஓட்டல்காரர்கள் நாக்கைத் தொங்கப் போடுகிறார்கள். கூடை கூடையாக வந்து கொட்டுகிற நண்டுகளில் எது இன்றைக்குக் கழற்றும், எது அடுத்த வாரம் கழற்றும் என்று விளிம்பின் நிறத்தைப் பார்த்துப் பிரிப்பதுதான் எங்கள் வேலை. கழற்றப்போகிறதை மரப்பெட்டியில் போட்டுத் தண்ணீரில் தொங்கவிடுவோம். கழற்றவே கழற்றாது என்று தெரிகிறதைத் தூக்கித் திரும்பக் காயலில் வீசிவிடுவோம். அந்த உதவாத நண்டுக்கு எங்கள் தொழிலில் கிறுக்கு என்று பெயர்.

அமாபிலேக்குக் கல்யாணமாகிச் சில வருடங்கள் கழித்து மார்சிலியோவின் தங்கை கல்யாண விருந்தில் உல்தெரிகோ கையில் கோப்பையோடு எழுந்து நின்றான்.

"எங்க வீட்டுலயும் ஒரு கிறுக்கு நண்டு இருக்குய்யா. எத்தனை நாள் பெட்டியில போட்டு வச்சாலும் ஒண்ணும் நடக்கமாட்டேங்குது. திருப்பித் தண்ணியில வீசிடலாமானு பாக்குறேன்!"

மேசை மேசையாகச் சிரித்தார்கள். பிள்ளை இல்லாத பெண் எதிரே உட்கார்ந்திருக்கிறாளே என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. அமாபிலே தட்டில் இருந்த கணவாயை வெட்டிக்கொண்டே இருந்தாள், சின்னச் சின்னதாக, கடைசிவரை வாயில் வைக்கவே இல்லை. மறுநாள் ரொட்டிக்கடைக்காரி அவளைப் பார்த்து, "வாடி கிறுக்கி, உனக்கு என்ன வேணும்?" என்றாள். அன்றிலிருந்து அதுதான் பெயர்.

அவள் ஒன்றும் சாது இல்லை. வாயைத் திறந்தால் கொட்டகையே கப்சிப் ஆகிவிடும். ஆனால் அந்தப் பெயருக்கு மட்டும் அவள் பதில் சொன்னதில்லை. மனதில் போட்டு வைக்கிற ரகம். அப்படிப்பட்டவர்களிடம் எனக்கு எப்போதுமே கொஞ்சம் பயம்.

ஒரு நாள் நண்டு பிரிக்கும்போது அவளாகவே பேச்செடுத்தாள்.

"யோலே அக்கா, ஒரு மெது நண்டுக்குத் திரும்ப ஓடு கெட்டியாகிறதை நீ பாத்திருக்கியா?"

"எதுக்குப் பாக்கணும்? கெட்டியானா எவன் வாங்குவான்?"

"நானும் பாத்ததில்ல. வயசுக்கு வந்ததுலேருந்து இதே பொழைப்பு. கழட்டின உடனே எடுத்துடுறோம். எடுத்து ஈரத் துணிக்கு அடியில வச்சா கெட்டியாகிறது அப்படியே நின்னுபோயிடுது. சாயங்காலம் எவனோ முட்டைக் கரைசல்ல உயிரோட போட்டு, அது வயிறு முட்டக் குடிச்சதும் மாவுல புரட்டி எண்ணெயில போட்டுடுறான். அதுக்கப்புறம் என்ன ஆகும்னு ஒண்ணுக்குமே தெரியாம போகுது."

"உனக்கு நெஜமாவே கிறுக்குதான்டி" என்றேன். அவள் கோபிக்கவில்லை.

அந்த வருடக் குளிர்காலத்தில் எனக்கு எதிர்வீடான அமாபிலே வீட்டுச் சமையலறையில், தொலைக்காட்சிப் பெட்டி இருந்த இடத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வந்தது. எங்கள் சந்து அகலம் கையை நீட்டினால் எதிர்வீட்டு ஜன்னலைத் தொடுகிற அகலம். அதனால் அவர்கள் வீட்டுச் சமையலறையில் நடப்பது எதுவும் என் கண்ணுக்குத் தப்பாது. தொட்டியை அவள் கட்டிய விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பக்கம் அலைதடுப்புச் சுவரில் பெயர்ந்து கிடந்த வெள்ளைக் கல்லை அடுக்கிப் படிப்படியாகத் தண்ணீருக்கு மேலே ஏற்றினாள். கல்லிடுக்கில் சிப்பி ஓடுகளும், காயல் தண்ணீர் தேய்த்துத் தேய்த்து உருண்டையாக்கிய செங்கல்லும். நடுவில், புழு துளைத்து ஓட்டை ஓட்டையாகப் போன படகு கட்டும் கம்பத்தின் ஒரு துண்டை நட்டு வைத்தாள். அதன் உள்ளே நண்டு ஒளியலாம், மேலே ஏறி உட்காரலாம். துணிதுவைக்கும் எந்திரத்தின் பழைய குழாயையும் ஒரு சின்ன மோட்டாரையும் வைத்துத் தண்ணீர் மெல்ல ஏறி மெல்ல இறங்கும்படி செய்தாள். ஏற்றமும் வற்றமும் இல்லாமல் எங்கள் நண்டுக்கு நாள் போகாது. வற்றும்போது அது கல்மேல் ஏறி, வாயில் நுரை தள்ளிக்கொண்டு, காற்றில் உட்கார்ந்திருக்கும். கடல் தண்ணீரைப் பெரிய ஒயின் ஜாடிகளில் சைக்கிளில் வைத்துக் கொண்டுவந்தாள்.

உல்தெரிகோவுக்கு ஐஸ் ஆலையில் வேலை. மீன் சந்தைக்கு ஐஸ் உடைத்து அள்ளிக் கொட்டுகிறவன். ஞாயிற்றுக்கிழமை கால்பந்து பார்க்க வழியில்லாமல் போனதும் குதித்தான்.

"ஏண்டி, ஊரெல்லாம் நண்டைத் தின்னுது, நீ அதுக்கு மாளிகை கட்டுறியா? அப்படியே ஒரு கட்டிலும் போட்டுடு, நான் வெளிய போய்ப் படுத்துக்கிறேன்."

முதலில் அவள் இரண்டு நண்டு விட்டாள். ஒன்று ஓடு கழற்றியதும் மற்றது அதைக் கிழித்துத் தின்றுவிட்டது. கால்நுனிகள்கூட மிச்சமில்லை. அன்றைக்கு உல்தெரிகோ சிரித்த சிரிப்பு சந்து முழுக்கக் கேட்டது. "அதுங்களும் புருஷன் பொண்டாட்டிதான் போலிருக்கு!" என்று ஜன்னல் வழியாக எனக்கே சொன்னான்.

அவள் இன்னொரு இளம் ஆண் நண்டைத் தேர்ந்தெடுத்து, அதைத் தனியாக விட்டாள். எதற்கு இதெல்லாம் என்று அவனிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் மதுக்கடைவரை போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். அவனாக ஒரு காரணம் வைத்துக்கொண்டான்: கொட்டகையில் ஒன்றைக்கூடத் தின்னத் தரமாட்டான் மார்சிலியோ, அதனால் இவள் வீட்டிலேயே வளர்த்து ஈஸ்டருக்கு வறுக்கப்போகிறாள். கியோஜாவில் பிறந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்?

ஈஸ்டருக்கு முன்னால் அவளுக்குப் பித்தப்பையில் கல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போகும் முன் நண்டைத் தூக்கி விளிம்பைப் பார்த்தாள். "நான் வந்த பிறகுதான் கழட்டும்" என்றாள் என்னிடம். கொட்டகையில் அவள் கண் தவறி நான் பார்த்ததில்லை. ஆனால் காயல் தண்ணீர் வேறு, சூடேறிய சமையலறை வேறு. சூட்டில் நண்டு முன்னதாகவே கழற்றிவிடும் என்பதை அவள் கணக்கில் எடுக்கவில்லை. தப்பு அங்கேதான் தொடங்கியது, அது அவளுடைய தப்பு. இதை அவள் முகத்துக்கு நேராகச் சொல்ல இன்றைக்கும் ஆளில்லை. உல்தெரிகோவிடம், "தினம் ஒரு சிப்பியை உடைச்சுப் போடு, போதும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் இல்லாததால் கொட்டகையில் எனக்கு இரட்டை வேலை. ஒரு சாயங்காலம் முதுகு ஒடிய வந்து ஜன்னலைத் திறந்தால், எதிரே உல்தெரிகோ நிற்கிறான். முகமெல்லாம் பல்.

"யோலே அக்கா! நேத்துக் காலையில எந்திரிச்சுப் பாக்குறேன், தொட்டியில ரெண்டு நண்டு. ஒண்ணு வெறும் ஓடு. நம்மாளு கழட்டிட்டான்!"

"அப்புறம்?"

"அப்புறமென்ன, விடுவேனா? அவ வர்றதுக்குள்ள ஓடு இறுகித் தோல் மாதிரி ஆயிடுமே. பூ மாதிரி எடுத்தேன். ஈரத் துணியில சுத்தி, குளிர்பெட்டியில கீழ்த்தட்டுல வச்சிருக்கேன். ஐஸ்காரன்க்கா நான், எனக்குத் தெரியாதா பக்குவம்?"

நான் ஜன்னலுக்கு வெளியே எட்டிக் கத்தினேன். "அட மடப்பயலே, உடனே தண்ணியில விடு! அவ அதைத் திங்கறதுக்கா வளத்தா? அது கெட்டியாகிறதைப் பாக்கணும்னுடா!"

அவன் என்னைப் பார்த்து விழித்தான். பிறகு சிரித்தான். "போக்கா. கெட்டியாகிறதை எவ பாப்பா? நாளைக்கு அவளே வந்து எடுக்கட்டும். மறுபடி நான் கை வச்சு ஏதாவது ஆச்சுன்னா அதுக்கும் என்னையத்தான் திட்டுவா."

மறுநாள் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தான். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. மேசையில் இஸ்திரி போட்ட விரிப்பு. பொலெந்தாக் களி கிண்டி, பலகையில் கொட்டி ஆறவைத்திருந்தான். ஒரு கிண்ணத்தில் முட்டை அடித்து, அதில் பாலாடைக்கட்டி துருவிப் போட்டிருந்தான். வெள்ளை ஒயின். அந்த வீட்டில் அவன் கரண்டி பிடித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. இத்தனை வருடத்தில் அவளுக்காக அவன் செய்த ஒரே நல்ல காரியம் அது என்று கர்த்தர்மேல் ஆணையாகச் சொல்வேன்.

"கண்ணை மூடு" என்றான். மூடவில்லை. குளிர்பெட்டியைத் திறந்து ஈரத் துணியை எடுத்து, பிரித்துக் காட்டினான். "பாரு! உனக்காக அப்படியே வச்சிருக்கேன். ஒரு விரல் அழுத்தம்கூடப் படல."

வயிற்றில் தையலோடு அவள் அந்த நண்டை இரண்டு கையிலும் வாங்கிக்கொண்டு தொட்டிக்கு ஓடினாள். தண்ணீரில் விட்டாள். அது உயிரோடுதான் இருந்தது. ஆனால் துணி அதை எப்படிச் சுருட்டி வைத்திருந்ததோ அப்படியே கிடந்தது. வலப்பக்கத்துக் கால்கள் அத்தனையும் வயிற்றுக்கு அடியில் மடிந்து, ஒரு கொடுக்கு முகத்தோடு ஒட்டி. அவள் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். அன்றைக்கும் மறுநாளும் அதை விட்டு எழுந்திருக்கவில்லை. நண்டு கெட்டியானது. அந்தக் கோணலோடேயே கெட்டியானது. ஆசைப்பட்டதை அவள் கண்ணாரப் பார்த்தாள். பார்த்தது இப்படி.

அவன் பின்னால் நின்று, "எனக்கு எப்படித் தெரியும்? நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றான். முந்தின நாள் நான் சொன்னதை அவன் காதில் வாங்கவில்லை என்றாலும், அவளிடம் அவன் கேட்டது நியாயம்தான்.

அவள் திரும்பினாள். "இனிமே இதுக்கு நீதான் ஊட்டணும். இது தின்ன பிறகுதான் உனக்குச் சோறு. இது எப்ப நேராகுதோ அப்பத்தான் உன்கூடப் பேச்சு."

"நண்டு எப்படிடி நேராகும்?"

"அடுத்த தடவை ஓடு கழட்டும்போது."

அவ்வளவுதான். கதவை மூடியதுபோல வாய் மூடியது. பிறகு அவன் சமையலறை பெஞ்சில்தான் படுத்தான்.

அந்தக் கோடை முழுக்க நான் பார்த்ததை என்னவென்று சொல்ல? நண்டு ஒரு பக்கக் காலால் மட்டும் உந்தியதால் ஒரே இடத்தில் வட்டமடித்தது. கல்மேல் ஏற முடியாது, இரை எட்டாது. உல்தெரிகோ சிப்பிச் சதையைக் கிள்ளி, புருவ முடி பிடுங்குகிற இடுக்கியில் பிடித்து, அதன் வாயருகே நீட்டியபடி குனிந்து நிற்பான். ஐஸ் அள்ளித் தடித்த விரலுக்குள் அந்த இடுக்கி அடங்காது. நண்டு சில நாள் தின்னும், சில நாள் தட்டிவிடும். தட்டிவிட்ட நாளில் அவள் இரண்டு தட்டிலும் மத்தி மீனை வைத்து, அவன் தட்டை மட்டும் மூடி அலமாரியில் வைத்துவிட்டு, தன் தட்டைத் துடைத்துத் தின்பாள். வெங்காயக் காடியில் ஊறிய மத்தி, அவனுக்கு உயிர். வாசனை என் ஜன்னல்வரை வரும். நான் ஒருமுறை ரொட்டி ஒன்றைச் சந்துக்கு மேலாக அவனிடம் நீட்டினேன். அமாபிலே என்னைப் பார்த்த பார்வையில் கையை இழுத்துக்கொண்டேன்.

மதுக்கடையில் அவனுக்கு 'நண்டுத் தாதி' என்று பெயர் விழுந்தது. "தாதியம்மா, பிள்ளை பால் குடிச்சுதா?" என்று கேட்டுக் கேட்டு அழவைத்தார்கள். அடுத்தவருக்குப் பெயர் வைத்தவனுக்கு இப்போது அதே மருந்து. எனக்கும் முதலில் உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவன் மதுக்கடைக்குப் போவதை நிறுத்தினான். வீட்டில் பேச ஆளில்லை, வெளியே பேச முடியவில்லை. நண்டோடு பேச ஆரம்பித்தான்.

"டேய் தம்பி, வாயைத் தொற. இன்னிக்குச் சிப்பி நல்லா இருக்குடா. நீ தின்னாத்தான் எனக்குக் கஞ்சி, தெரியும்ல?"

போகப்போக அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிட்டான். வேறு என்னென்னவோ பேசினான். ஆலையில் நடந்தது, முட்டிவலி, அவனுடைய அம்மா. கணவாய் ஓடுகளைத் தேய்த்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தண்ணீரிலிருந்து கல்வரை ஒரு சரிவு செய்தான். நண்டு அதில் தன்னை இழுத்து இழுத்து ஏறி, முதல் தடவையாக மேலே காற்றில் உட்கார்ந்து நுரை விட்டபோது, "அக்கா! ஏறிட்டான் பாரு!" என்று சந்தே அதிரக் கத்தினான். அமாபிலே முதுகைக் காட்டியபடி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"பேசாம வேற நண்டு ஒண்ணை வாங்கி விட்டுடேன்" என்று நான் அவனிடம் மெல்லச் சொன்னேன்.

"அவளுக்குத் தெரியாதா?" என்றான். "அதுவுமில்லாம... இவன்தான்க்கா நேராகணும். நேராயிட்டா பேசுவா. சொல்லியிருக்காள்ல. அவ சொன்னாச் செய்வா."

அதையேதான் அவன் பிடித்துக்கொண்டு தொங்கினான். விளிம்பின் நிறம் பார்க்கக்கூட அவனாகவே கற்றுக்கொண்டான்.

இலையுதிர் காலம் வந்தது. கொட்டகையில் மூச்சுவிட நேரமில்லாத பருவம். முழங்கை வலியென்று நான் வீட்டில் இருந்த நாளில்தான் அது நடந்தது. உல்தெரிகோ ஜன்னல் வழியாக என்னைக் கூப்பிட்டான். நண்டின் ஓடு பின்பக்கம் பிளந்திருந்தது. பழைய ஓட்டுக்குள்ளிருந்து அது பின்னால் பின்னால் நழுவி வெளியே வந்துகொண்டிருந்தது. அவன் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

"நான் தொடலக்கா. நீ சாட்சி. நான் தொடவே இல்ல."

கடைசிக் காலும் வெளியே வந்தது. இழுத்து நீட்டியது. ஒவ்வொன்றாக எண்ணினோம். எல்லாம் நேர். பிறந்த அன்றிருந்ததுபோல நேர். அவன் அழுதான். எனக்கும் கண் கலங்கியது, மறைப்பானேன்.

அமாபிலே ரப்பர் பூட்ஸோடு வந்தாள். அவன் எழுந்து ஒதுங்கி நின்றான். "நேராயிடுச்சு" என்றான். "நான் கை வைக்கல."

அவள் தொட்டிக்கு முன் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஆமா. நேராத்தான் இருக்கு" என்றாள்.

அவனிடம் பேசிவிட்டாள்! அவன் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் என் பக்கம் பார்த்தான். எனக்கும் நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது.

அவள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். தண்ணீரில் கைவிட்டு, கொட்டகையில் எடுப்பதுபோலவே இரண்டு விரலால் நண்டை எடுத்தாள். ஏதோ பார்க்கிறாள் என்றுதான் நினைத்தோம். மற்றக் கையால் கிண்ணத்தில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றிக் கலக்கினாள்.

"ஏய்... என்ன பண்ற?"

"பருவத்துல வீட்டுல மெது நண்டு இருந்தா கியோஜாவுல என்ன பண்ணுவாங்க?" என்றாள் அமைதியாக. "நான் ஆஸ்பத்திரியிலேருந்து வந்தன்னிக்கு நீதான முட்டை அடிச்சு வச்சிருந்த."

"அமாபிலே. அவன்... அதை விட்டுடு. நீ கெட்டியாகிறதைப் பாக்கணும்னியே. பாரு. நாளைக்குக் காலையில பாத்துடலாம். நேரா கெட்டியாகும்."

"இது ஓடு கழட்டிருச்சுல்ல?" என்றாள். "அப்ப இது கிறுக்கு இல்ல. கிறுக்கைத்தான தண்ணியில வீசணும். எல்லார் முன்னாடியும் எந்திரிச்சு நின்னு நீதான சொன்ன?"

அந்தக் கல்யாண விருந்து அவனுக்கு நினைவில்கூட இருந்திருக்காது. அவளுக்கு அந்தக் கோப்பையின் நிறம்கூட மறந்திருக்காது.

கிண்ணத்தை மூடினாள். மெது நண்டு கீறாது, சத்தம் போடாது. முட்டையைக் குடித்துக்கொண்டிருக்கும். அவள் அதுவரை தரையைத் துடைத்தாள், பூட்ஸைக் கழுவினாள். அவன் நினைத்திருந்தால் கிண்ணத்தைப் பிடுங்கியிருக்கலாம். அவனுக்கு உடம்பில் பலம் இருக்கிறது. ஆனால் அவள் பேச ஆரம்பித்திருந்தாள், அது நின்றுவிடுமோ என்று பயந்தான். பெஞ்சில் உட்கார்ந்து கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஜன்னலிலிருந்து, "அடியே, பாவம்டி, வேணாம்டி" என்றேன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாவில் புரட்டினாள். எண்ணெயில் போட்டாள். களித்துண்டை வாட்டி, நண்டை அதன்மேல் வைத்து, எலுமிச்சை பிழிந்து அவன் முன்னால் வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள்.

"சாப்பிடு. சாப்பிட்டா பேசுவேன்."

அவன் தின்றான். கொடுக்கு, கால், எல்லாம். மெது நண்டில் துப்புவதற்கு எதுவும் இருக்காது. கண்ணீர் மூக்கோரமாக வழிந்து தட்டில் விழுந்தது.

"எப்படி இருக்கு?"

"மெத்துனு இருக்கு."

"சரியான நேரத்துல எடுத்தா அப்படித்தான் இருக்கும்" என்றாள். பிறகு சொன்ன சொல் தவறாமல் பேச ஆரம்பித்தாள். மார்சிலியோவின் புது வலை, ரொட்டிக்கடைக்காரியின் மருமகள், நாளைக்கு அடிக்கப்போகிற காற்று. மாதக்கணக்கில் சேர்த்து வைத்ததையெல்லாம் சந்தோஷமாகக் கொட்டினாள். ஒரு ராத்திரி பொறுத்திருந்தால் அவள் ஆயுசு முழுக்க ஆசைப்பட்டது முழுதாக, நேராக, அவள் கண்முன் நடந்திருக்கும். அதைவிட அவளுக்கு இது ருசித்தது.

அடுத்த ஞாயிறு தொட்டி இருந்த இடத்தில் தொலைக்காட்சிப் பெட்டி திரும்ப வந்துவிட்டது. கால்பந்து ஓடுகிறது. அவன் அதற்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான், கைகள் இரண்டும் தொடைக்கு அடியில். அவள் பேசிக்கொண்டே இருக்கிறாள். அவன் பதில் சொல்லி நான் இதுவரை கேட்கவில்லை.